பக்கத்து வீட்டுப் பூஜ்யம்

ஏற்காடு ஏறும் முதல் பஸ்.
வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை.
பன்னிரண்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது.
பதினெட்டு ரூபாய் பாக்கியை
டிக்கெட்டின் முதுகில் எழுதித் தந்த நடத்துனர்
இறங்கும்போது கேளுங்க என்றார்.
இறங்கும்போது மறந்தேன்.
மடியில் வினாத்தாள் கட்டு இருந்தது,
மதிப்பிட வந்தவன் நான்.

கொளகூரில் ஐந்தாம் வகுப்புக்குப் பதினோரு பேர்.
வந்தது ஆறு.
மிளகுப் பறிப்பு சார், என்றார் தலைமை ஆசிரியை,
தவறு தன்னுடையது போல.

நானூற்று மூன்றில் நூற்று எழுபத்தெட்டு போனால்?

வினோதினி அடிக்கோடு இரண்டும் ஸ்கேல் வைத்துப் போட்டு
முந்நூற்று எழுபத்தைந்து என்று
முத்து முத்தாக எழுதியிருந்தாள்.
பெருக்கல் குறி போலவே இருக்கும் என் தப்புக் குறி.
அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்றில்
அரும்பைத் தொட்டு
செயலியில் அனுப்பியும் விட்டேன்.

சேர்வராஜும் முந்நூற்று எழுபத்தைந்து.
ஜன்னலோரத்து தர்ஷனும் அதுவே.
பார்த்து எழுதினீங்களா?
மூவரும் மூன்று மூலையில் இருந்தார்கள்.
மூன்று பேர் தனித்தனியே போய்
ஒரே இடத்தில் வழி தவறினால்
அங்கே ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது.

எப்படிப் போட்டே, சொல்லு.
"மேல மூணு, கீழ எட்டு சார்.
பெருசுலேர்ந்துதானே சின்னதை எடுக்க முடியும்?
அதான் அஞ்சு."
சரி, பத்தலைன்னா பக்கத்துல கடன் வாங்கணும் இல்லையா?
"பக்கத்துல பூஜ்யம் சார்.
அவங்ககிட்டயே ஒண்ணும் இல்ல."
அதுக்கும் அடுத்த வீட்ல நாலு இருக்கே!
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"வாங்கினா
எப்போ சார் திருப்பித் தரணும்?"

இருபத்திரண்டு வருட சர்வீஸ்.
எத்தனை கரும்பலகையில் எத்தனை பத்துகளைக்
கடனாக வாங்கிக் கொடுத்திருப்பேன்.
ஒன்றைக்கூட எவனும் திருப்பியதில்லை,
நானும் கேட்டதில்லை.
"செவ்வாக்கெழம குழுக்காரம்மா வருவாங்க சார்.
அன்னிக்கு எங்கம்மா யாரோடயும் பேசாது"
என்றாள், கணக்கைத் தொடர்வது போல.

பர்ஸை எடுத்தேன். மூன்று நூறு இருந்தது.
தலைமை ஆசிரியையிடம் ஒரு நூறு கைமாற்று வாங்க
சார் கடன் வாங்குறாரு என்று
வகுப்பே சிரித்தது.
சட்டைப்பையில் மூன்று ஒற்றை ரூபாய்.
பழைய காலண்டரைக் கிழித்துப் பத்து என எழுதிப்
பத்துத் தாள், பிறகு ஒன்று என எழுதிப் பத்து.
நீதான் கடைக்காரி,
நூத்தி எழுபத்தெட்டு கேக்கறாங்க, குடு.

ஒரு நூறை உள்ளே தள்ளிப் பத்துப் பத்துகளை எடுத்தாள்.
ஒரு பத்தைத் தள்ளிப் பத்து ஒன்றுகள்.
எண்ணினாள். நிறுத்தினாள். முதலிலிருந்து எண்ணினாள்.
"இது கடன் இல்ல சார். சில்லறை."
நோட்டில் பூஜ்யத்தின் தலைமேல்
சின்னதாக ஒன்பது எழுதி
இருநூற்று இருபத்தைந்து என்றவள்
நான் சொல்லாமலே
நூற்று எழுபத்தெட்டைத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள்.

சேர்வராஜ் மட்டும் நம்பவில்லை.
"நூறும் அங்கயேதான் இருக்கு,
சில்லறையும் இருக்கு. ஏமாத்துறீங்க"
என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடினான்.
அவனுக்கு இன்னொரு நாள் வேண்டும்.
என் பயணத்திட்டத்தில் நாளைக்கு வேறு பள்ளி.

அனுப்பியதைத் திருத்தச்
செயலியில் வழியில்லை.
மாவட்டப் பட்டியலில் வினோதினி
இன்னும் அரும்புதான்.

இறங்கும் பஸ்ஸில் பலகைகள் குறைந்துகொண்டே வந்தன.
கீழே சேலம் விளக்கு போடத் தொடங்கியிருந்தது.
ஒன்பதாம் வளைவில் பர்ஸைத் திறந்தேன்.
நான்கு நூறு.

தலைமை ஆசிரியையின் நம்பர் என்னிடம் இருக்கிறது.
போனிலேயே அனுப்பிவிடலாம்.
அனுப்பவில்லை.